சிறுத்தைப் பல்லிகள்: சேர்த்து வளர்ப்பதா, பிரித்து வளர்ப்பதா?

வளர்ப்புப் பிராணிகளாகப் பேணப்படும் பல்லியினங்களுள் சிறுத்தைப் பல்லி பெரிதும் அறியப்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட, கற்பாங்கான நிலங்களே இதன் தாயகம். எட்வர்டு பிளைத் என்பார் 1854 ஆம் ஆண்டில் இவ்வினத்திற்கு அறிவியற் பெயரிட்டார். வீட்டுப் பல்லிக்கு இல்லாத அசையும் இமைகள் இதற்குண்டு. விரல்களில் ஒட்டுந்தன்மை இல்லாமையால் இது சுவரேறுவதில்லை. இதன் நெருங்கிய உறவினங்கள் நம் நாட்டின் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள காடுகளில் வாழ்கின்றன. நஞ்சுடையவை எனக் கருதி அவற்றைக் கொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அவ்வச்சம் ஆதாரமற்றது. அவற்றைப் பிடித்து வளர்த்தலுந் தகாது. இங்குக் கூறப்படுவன யாவும் வளர்ப்பிடங்களிற் பிறந்த பல்லிகளைப் பற்றியனவே.

ஒரு பெட்டியில் ஒன்றை வைப்பதா, இரண்டை வைப்பதா என்னும் வினா வளர்ப்போரிடையே அடிக்கடி எழுகின்றது. தனித்திருக்கும் பல்லி வாடுமென்று பலர் இரங்குவர். இயற்கையில் சிற்சில வேளைகளில் ஒரே கற்பிளவில் பல பல்லிகள் தங்குவதும் உண்மையே. ஆனால் அங்கே நலிந்த பல்லி விலகிச் செல்ல வழியுண்டு. பெட்டியில் அவ்வழி இல்லை.

இரு ஆண்களைச் சேர்த்தலாகாது என்பதில் ஐயமில்லை. அவை கடித்துப் போரிடும். ஆணின் பின்கால்களுக்கிடையே நுண்துளைகள் வளைந்த வரிசையாக அமைந்திருப்பதையும், வாலின் அடியில் இரு புடைப்புகள் தோன்றுவதையும் கொண்டு ஆணை அறியலாம். குஞ்சுகளில் இவ்வடையாளங்கள் தெளிவாகத் தோன்றா. ஆதலின், பெண்கள் என எண்ணிச் சேர்த்தவற்றுள் ஒன்று பின்னர் ஆணாகத் தெரியவருவதும் உண்டு.

பெண்கள் மட்டுமே இருப்பின் தீங்கில்லை என்பது பரவலான எண்ணம். அது முற்றும் சரியன்று. இவ்வினத்தில் பாலினத்தை நிர்ணயிப்பது முட்டை இருந்த இடத்தின் வெப்பமாகும். ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண்களும், 32.5 டிகிரியளவில் பெரும்பாலும் ஆண்களும், 34 டிகிரிக்கு மேல் மீண்டும் பெண்களும் பிறக்கின்றன. உயர் வெப்பத்திற் பொரித்த பெண்கள் ஆண்களைப் போன்று தாக்கும் இயல்புடையவை எனக் கட்ஸ்கே, குரூஸ் ஆகியோர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடையில் வாங்கிய பெண் எவ்வெப்பத்திற் பொரித்தது என்பதை வாங்குவோர் அறிவது அரிது.

இதனினும் கவனிக்க வேண்டியது, சண்டையே இல்லாமல் நேரும் கேடாகும். பல்லிக்கு உணவு செரிக்க வெளிவெப்பம் வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரியளவில் இருத்தல் நன்று. வலிய பல்லி அவ்விடத்தையும், தோலுரிக்க உதவும் ஈரமான மறைவிடத்தையும் கைப்பற்றிக்கொள்ளும். மற்றது குளிர்ந்த மூலையில் கிடந்து, உண்டதும் செரியாமல் மெலியும். விரல்களில் பழந்தோல் இறுகி விரல் நுனிகளையே இழக்கவும் கூடும். ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதை அன்பெனக் கொள்ளுதல் தவறு. வெப்பமான இடத்திற்கான போட்டியே பெரும்பாலும் அதன் காரணமாகும். இப்பல்லிகள் அந்தியிலும் இரவிலும் நடமாடுவன. ஆதலின் பகலில் மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

கொழுப்பைச் சேமிக்கும் வாலே நல்ல அளவுகோல். நலமுள்ள பல்லியின் வால் கழுத்தளவு பருத்திருக்கும். இரண்டையும் வாரம் ஒருமுறை சிறு தராசில் நிறுத்துக் குறித்து வருதல் வேண்டும்; மாணவர்க்கும் இது நல்ல பயிற்சி. ஒன்றன் எடை ஏற, மற்றதன் எடை குறையுமாயின் உடனே பிரித்தல் வேண்டும். மெலிந்தது தனிப் பெட்டியில் தேறுமாயின் காரணம் விளங்கிவிடும். தேறாவிடில் குடற்புழுக்கள் அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை ஐயுற்று, எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. எச்சத்தின் வழியே பரவும் இவ்வொட்டுண்ணிக்கு உறுதியான மருந்தில்லை. பொதுப் பெட்டியில் எச்சம் எப்பல்லியுடையது என்பதே தெரியாது. ஒன்றிற்கு நோயெனில் மற்றதும் ஐயத்திற்குரியதே.

ஆகவே ஒரு பல்லிக்கு ஒரு பெட்டி என்பதே தக்க ஏற்பாடு. இரண்டாம் பெட்டிக்கு வசதியில்லாதவர் இரண்டாம் பல்லியை வாங்காதிருப்பதே நன்று. முட்டையிடுவிக்க விரும்புவோர், முதிர்ந்த ஆணையும் பெண்ணையும் கண்காணிப்புடன் சின்னாள் மட்டும் சேர்த்துப் பின்னர்ப் பிரிக்கலாம். பெண் விந்தணுவைச் சேமித்து வைக்கவல்லது. ஒரு சேர்க்கைக்குப்பின் ஈடொன்றிற்கு இரண்டாகப் பல ஈடுகள் முட்டையிடும். ஆதலின் ஆணை உடன் வைத்திருக்கத் தேவையில்லை.