முதல் கத்தி வாங்குமுன்

கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கும் மாதங்களில் காஞ்சிபுரத்துப் பையன்களின் கழுத்தைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். குரல்வளைக்கு மேலே சிவந்த திட்டு, தாடையோரம் சின்னச் சின்னக் கொப்புளம், அதன்மேல் அம்மா தடவிவிட்ட மஞ்சள். பாதிப் பேர் செல்போனில் பார்த்த வீடியோவை நம்பிக் கத்தி வாங்கியவர்கள். மீதிப் பேர், "வேலைக்குப் போறவன் தினமும் மழமழன்னு இருக்கணும்" என்று அப்பா வாங்கிக் கொடுத்த ஐந்து பிளேடு ரேசரைத் தினமும் இழுத்தவர்கள். தோல் என்ன சொல்கிறது என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை. சலூன் தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையில், எதை வாங்கலாம், எதை வாங்கவே வேண்டாம் என்று சொல்கிறேன்.

டிரிம்மரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முடியை ஒட்ட வழிக்காமல் குட்டையாக்குவதோடு நிற்பதால் எரிச்சல் மிகக் குறைவு. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் வளர்ந்த தாடியானால் முதலில் டிரிம்மர், பிறகுதான் பிளேடு. பல பிளேடு ரேசர் அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஒரே இழுப்பில் ஐந்து விளிம்பு தோலில் உரசுகிறது. முன் பிளேடு முடியைச் சற்று இழுக்க, பின் பிளேடு வெட்ட, வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. சுருள்முடிக்காரர்களுக்கு அது வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டியாகும். அவர்கள் டிரிம்மரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது பழைய சேஃப்டி ரேசர். கில்லெட் அதற்கு 1904இல் காப்புரிமை பெற்றார்; அதன் தலையமைப்பே பிளேடின் சாய்வை ஏறக்குறைய சரியாக வைத்துக்கொள்கிறது. அழுத்தாமல் இழுத்தால் போதும்.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் மடக்குக் கத்தி. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. கத்தி ஷேவ் பழக இதுதான் முதல் படி என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்கிறார்கள். சலூனில் எங்கள் கையில் இருப்பதும் அதுவே என்பதால் பையன்கள் நம்பிவிடுகிறார்கள். அது ஏன் எங்கள் கையில் நிலைத்தது என்று யாரும் கேட்பதில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிய காலம் அது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளும் ரத்தம் பட்ட பிளேடு வழியே தொற்றக்கூடியவை. ஒரே நாளில் பல முகங்களைத் தொடும் எங்களுக்கு ஆளுக்கொரு பிளேடு கட்டாயம். உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பதோ ஒரே முகம். அந்தக் காரணம் அங்கே கிடையாது. எஞ்சுவது அந்தக் கத்தியின் குறைகள்தான்.

குறைகள் சின்னவை அல்ல. தகட்டுக் கைப்பிடிக்குக் கனமே இல்லை; கனம் இல்லாததால் பழகாத கை தானாக அழுத்துகிறது. சவர எரிச்சலில் பெரும்பங்கு அந்த அழுத்தத்தால் வருவது. உடைத்த பிளேடின் இரண்டு முனையும் கூரானவை. தாடை வளைவில் முதலில் தோலைக் கிழிப்பது அந்த முனைதான். மலிவான பிடியில் பிளேடு ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டு உட்காரும், அந்தப் பக்கம் சுரண்டும். புது பிளேடின் கூர்மையோ ஒரு சிறு பிழையையும் மன்னிக்காது. நாங்கள் எதிரே நின்று, அடுத்தவர் முகத்தை இரண்டு கையாலும் ஆள்கிறோம். நீங்கள் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் உங்கள் கழுத்தை, முழங்கை கண்ணை மறைக்க, வழிக்கிறீர்கள். அதே கருவி என்பதால் அதே வேலை ஆகிவிடாது. எங்கள் கடைகளில் தொழில் பழக வரும் பையனுக்கே முதலில் நுரை தடவிய பலூனைத்தான் கொடுப்போம். அது வெடிக்காமல் வழிக்க வந்த பிறகுதான் ஆள் முகம்.

கத்திதான் வேண்டும் என்று மனம் கேட்டால் முழு எஃகுக் கத்தி வாங்குங்கள். என் மனச்சாய்வு அந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. என் அப்பா கையில் இருந்தது ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி, என் விரல்கள் அதில் பழகியவை. அதன் எடையே முடியை வெட்டும், கை வழிகாட்டினால் போதும். ஆனால் கடையிலிருந்து வரும் புதுக் கத்தி பல நேரம் சவரத்துக்குத் தயாராக இருப்பதில்லை. மெல்லிய சாணைக்கல்லில் விளிம்பு கட்ட வேண்டும், ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் முதுகுப் பக்கம் முன்னே போகத் தீட்ட வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சக்கரம் அரிவாளுக்கானது. சவரக்கத்தியின் மெல்லிய விளிம்பு அதில் சூடேறி வீணாகும்.

இனி கையின் வேலை. குளித்த கையோடு உட்காருங்கள். தாடி முடி தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால்தான் இளகும். குழாயில் உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு நுரை நிற்காது, குடிதண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாயட்டும். நிமிர்ந்தால் சுரண்டும், படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். எங்கள் ஊரில் தறி ஓடும் பிள்ளையார்பாளையத்துப் பையன்களுக்கு நான் சொல்வது: பாவு தொய்ந்தால் நாடா ஓடாது, தோல் தொய்ந்தால் கத்தி ஓடாது. இடக்கை விரல்களால் தோலை இழுத்துப் பிடிப்பது பாதி வேலை. இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டி முடியின் வாட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் கீழ்நோக்கிப் போகும் முடி கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ திரும்பியிருக்கலாம். வாட்டத்தோடு ஒரே தடவை, அதோடு நிறுத்துங்கள். முதல் சில வாரங்கள் கன்னத்தை மட்டும் கத்தியால் எடுங்கள், தாடையும் கழுத்தும் சேஃப்டி ரேசருக்கு. மழமழப்புக்காக எதிர்வாட்டத்தில் இழுக்கும் ஆசை வரும். அந்த ஆசைதான் கழுத்தைச் சிவக்க வைக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பரம்பரைத் தொழில்தானே என்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை கையில் கத்தியைத் திணிப்பவர்களைப் பார்க்கிறேன். சில கைகள் கத்தரிக்கோலுக்குப் பிறந்தவை, சில கத்திக்கு, சில இரண்டுக்கும் இல்லை. பலூனோடு ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். விரல் நடுங்காமல், மூச்சு நிதானமாக, தப்பானால் சலிக்காமல் மறுபடி நுரை குழைக்கிறானா என்று கவனியுங்கள். அந்தப் பொறுமை உள்ளவன் எந்தக் கருவியையும் கற்றுவிடுவான். அது இல்லாதவனை அடித்தோ திட்டியோ கற்க வைக்க முடியாது. அவனுக்கு வேறு எதில் நாட்டம் என்று உட்கார்ந்து கேளுங்கள். தம்பிகளே, உங்களுக்கும் அதேதான்: நண்பன் வாங்கினான் என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். கை பக்குவப்பட எடுக்கும் காலத்தை எந்த விலையாலும் குறைக்க முடியாது.

எரிச்சல் வந்துவிட்டால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். படிகாரத்தை நனைத்து ஒருமுறை தேய்த்து, சற்றுப் பொறுத்துக் கழுவிவிடலாம். ஸ்பிரிட் வாடை அடிக்கும் ஆஃப்டர் ஷேவ் வேண்டாம். மருந்துக்கடையில் வாயால் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம். சிவப்பு சட்டென்று அடங்கும், தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து முன்னைவிட மோசமாகும். சிவப்பு முழுதும் போகும்வரை பிளேடு படக்கூடாது. கட்டியில் சீழ் வைத்தாலோ, வட்டமாகப் படர்ந்து அரித்தாலோ, அது சவர எரிச்சலைத் தாண்டிவிட்டது. தோல் மருத்துவரிடம் போங்கள், சவரம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.