சர்ப்பகந்தி வேரும் மனநோய் ஆராய்ச்சியும்

பெங்களூர் நகரில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ள மனநோய் மருத்துவமனை, மைசூர் சமஸ்தானத்தின் ஆட்சிக் காலத்தில், 1937-ஆம் ஆண்டு இவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது. 1954-இல் அதன் அருகே அகில இந்திய மனநல நிலையம் நிறுவப்பெற்றது. 1974-இல் இவ்விரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இன்று ‘நிம்ஹான்ஸ்’ என்று யாவரும் வழங்கும் நிலையம் இதுவே.

சித்தம் கலங்கி, உறக்கமின்றிக் கூச்சலிட்டு, அருகே வருவோரைத் தாக்கும் நோயாளிக்கு என்ன கொடுப்பது? 1950-க்கு முன்னர் உலகின் எந்த மருத்துவமனையிலும் இக்கேள்விக்கு நல்ல விடை இருந்ததில்லை. தனியறையில் அடைப்பதும், கட்டி வைப்பதும், இன்சுலின் செலுத்தி மயக்கமுறச் செய்வதும், மின்னதிர்ச்சி தருவதுமே வழக்கம். ஆனால் வங்காளத்திலும் பீகாரிலும் நாட்டு வைத்தியர்கள் ஒரு செடியின் வேரை இடித்துப் பொடியாக்கி இத்தகைய நோயாளிகளுக்குப் பன்னெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். கடைத்தெருவில் அதற்குப் ‘பைத்திய மருந்து’ என்றே பெயர். அதுவே சர்ப்பகந்தி.

இச்செடி ஒரு முழம் அல்லது இரு முழம் உயரம் வளரும். காட்டு நிழலில், ஈரமுள்ள மண்ணில் காணப்படும். பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், வயிற்றுக் கடுப்பிற்கும் இதன் வேர் பயன்பட்டு வந்தது. தாவர நூலார் இதன் இனத்திற்கு ‘ரௌவோல்ஃபியா’ என்று பெயரிட்டனர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் ரௌவோல்ஃபின் நினைவாக இட்ட பெயர் அது. நம் நாட்டு வேர் ஒன்றுக்கு ஆக்ஸ்பர்க் நகரத்து வைத்தியர் ஒருவரின் பெயர் அமைந்தது விந்தையே.

1931-ஆம் ஆண்டு இவ்வேரின் வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், பைத்தியத்திற்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கும் இவ்வேர் பயன்படுவதை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் அளவில் நாளைக்கு இருமுறை கொடுத்தால், உறக்கம் வருவதோடு, இரத்த அழுத்தம் தணிந்து, வெறியும் அடங்குவதைக் கண்டனர். அதே ஆண்டில் டில்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திகியும் ரபத் ஹுசேன் சித்திகியும் வேரிலிருந்து சில காரப்போலிகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றிற்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயர் சூட்டினர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளிடம் தாம் கண்ட பலனைப் பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேல்நாட்டார் இவ்வேரின்பால் நாட்டம் கொண்டனர். இடைப்பட்ட காலத்தில் இந்திய இதழ்களில் வந்தவற்றைப் பிறநாட்டார் ஊன்றிப் படித்திருந்தால் இத்தாமதம் நேர்ந்திராது.

1952-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள் வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்னும் பொருளைப் பிரித்தனர். வேரின் எடையில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். எனினும், ஒரு கிலோ வேரில் கிடைக்கும் ஒரு கிராமைக் கொண்டு, நாளொன்றுக்கு கால் மில்லிகிராம் வீதம் 4,000 நாட்களுக்கு மருந்து கொடுக்கலாம். 1954-இல் நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்பவர் மனநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக் கண்ட பலன்களை வெளியிட்டார். 1956-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வுட்வர்டு, ரெசர்பினை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக ஆக்கிக் காட்டினார்.

புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. ரெசர்பினை உண்டவருள் சிலருக்கு மனச்சோர்வு மிகுந்தது. சிலருக்கு நடுக்குவாதத்தை ஒத்த விறைப்பும் நடுக்கமும் தோன்றின. அதே காலத்தில் பாரிசில் வழக்கிற்கு வந்த குளோர்புரோமசின் விரைந்தும் உறுதியாகவும் பலன் தந்தது. மனநோய் விடுதிகளில் ரெசர்பின் மெல்ல ஒதுங்கிற்று.

ஆயினும் ஒதுங்கிய மருந்து வேறொரு கதவைத் திறந்துவிட்டது. நரம்பு நுனிகளில் மிக நுண்ணிய பைகள் உள்ளன. செய்தி கடத்தும் ரசாயனப் பொருள்கள் அவற்றில் சேமிக்கப்படுகின்றன. ரெசர்பின் இச்சேமிப்பைத் தடுப்பதால் பைகள் வறண்டுவிடுகின்றன. 1957-இல் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு ‘எல்-டோபா’ என்னும் பொருளைச் செலுத்தினார்; அவை மீண்டும் நடமாடின. மூளையில் டோபமின் குறைவதற்கும் நடுக்குவாதத்திற்கும் உள்ள தொடர்பு இவ்வழியே துலங்கிற்று. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இதே எல்-டோபாவை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவர் 1937-லேயே பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். ஆயுர்வேதத்தில் கம்பவாதம் எனப்படும் நடுக்கத்திற்கு அவ்விதை நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து. நடுக்குவாத நோயாளிகளுக்கு இன்றளவும் முதன்மையாக அளிக்கப்படுவது எல்-டோபாவே.

பெங்களூரில் மனநோய்க்கான பாரம்பரிய மருந்துகள் பரிசோதிக்கப்பட்டதை இனிக் காண்போம். நிம்ஹான்ஸ் வளாகத்தில் ஆயுர்வேத ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று நெடுங்காலம் இயங்கி வந்தது. உன்மாதம் என்று ஆயுர்வேதம் கூறும் நோயுடையோரிடம், பிராமி முதலிய மூலிகைகள் சேர்ந்த ‘பிராம்யாதி யோகம்’ என்னும் கூட்டு மருந்தும், தகரம் என்னும் மூலிகையும் சோதிக்கப்பட்டன. அதன் முடிவுகள் 1976-இல் இந்திய மனநோய் மருத்துவ இதழில் வெளிவந்தன. அச்சோதனை ‘இரட்டை மறைப்பு’ முறையில் நடைபெற்றது. அதாவது, எந்த நோயாளி எந்த மருந்தைப் பெறுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது. அவர் நிலையை மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் குளோர்புரோமசினும், மருந்துச் சத்து ஏதுமற்ற போலி மருந்தும் கொடுக்கப்பட்டன.

சொல்வதற்கு எளிதாயினும் செய்வதற்கு இம்முறை அரிது. மூலிகைக்கு மணமுண்டு, கசப்புண்டு, அளவோ மிகுதி. நவீன மாத்திரையோ சிறிது, மணமற்றது. நாவும் மூக்கும் உண்மையை அறிந்துவிட்டால் மறைப்பு பயனற்றுப் போகும். அன்றியும், ஆயுர்வேத வைத்தியர் நோயாளியின் தேகவாகை அறிந்து மருந்தையும் அளவையும் மாற்றுவது வழக்கம். சோதனையோ எல்லோருக்கும் ஒரே அளவையே வேண்டுகிறது. வைத்தியர்கள் இதனைக் குறையாகச் சொல்வதில் நியாயமுண்டு. எனினும், ஒப்பீடு இன்றி எவ்வளவு பலன் என்று அளந்து கூறவும் இயலாது.

இத்துறையின் சோதனைகளைத் திரட்டிய மதிப்புரை ஒன்று 2007-இல் வெளிவந்தது. அதில் இடம்பெறத் தகுதியுடையனவாகக் கிடைத்தவை மூன்று சிறிய சோதனைகளே. குளோர்புரோமசின் பெற்றவரைக் காட்டிலும், மூலிகை பெற்றவரிடையே முன்னேற்றம் காணாதோர் மிகுதியாக இருந்தனர். ஆனால் நோயாளிகளின் தொகை மிகக் குறைவு. ஆதலின் திட்டமான முடிவு கூற இயலவில்லை என்றே மதிப்புரை எழுதியோர் கருதினர். வேர் தோற்றது என்றோ வென்றது என்றோ பறைசாற்ற இது போதாது. ஆயின் ஒன்று தெளிவு: மருத்துவமனையில் மருந்துண்டு தெளிந்துவரும் நோயாளி ஒருவருக்கு, அம்மருந்தை நிறுத்திவிட்டு மூலிகையைக் கொடுக்க இச்சான்று இடந்தராது. சர்ப்பகந்தி வேரைத் தாமே வாங்கி உண்பதும் ஆபத்தே; இரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழக்கூடும், மனச்சோர்வும் சேரக்கூடும்.

கடையில் விற்பது சர்ப்பகந்தி வேர்தானா என்பதும் ஒரு கேள்வி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து தென்னாட்டில் எங்கும் பரவிவிட்ட, இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி உண்டு. அதன் இலைகள் கணுவிற்கு நான்காக, ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டு நிற்கும். உலர்ந்த வேரில் இலை ஏது? அதனால் அதனைச் சர்ப்பகந்தியோடு கலந்து விற்பது எளிதாகிறது. மைக்ராஸ்கோப்பின் கீழ் நோக்கினால் வேறுபாடு புலப்படும். சர்ப்பகந்தியின் மேற்றோல் அடுக்கடுக்காக அமைந்திருக்கும்; பட்டையில் கல் போன்ற கெட்டிச் செல்கள் இரா. மற்றதில் அவை மிகுதி.

பெங்களூரின் வடபால் எலகங்காவை அடுத்துள்ள மூலிகைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, 1993 முதல் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் வனத்துறைகளுடன் சேர்ந்து, காடுகளில் மூலிகைக் காப்பிடங்களை வகுத்து வந்துள்ளது. சர்ப்பகந்திக்கு இது மிகவும் வேண்டற்பாலது. மருந்தின் பெரும்பகுதி வேர்ப்பட்டையில் இருப்பதால், செடியைப் பெயர்த்தாலன்றி மருந்து கிட்டாது. பெயர்த்த செடி மீண்டும் தழைப்பதில்லை. 1990 முதல் சர்வதேச உடன்படிக்கையின்படி இதன் வாணிபம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பயிரிடுவோருக்கும் தொல்லை உண்டு. விதைகளில் பல முளைப்பதில்லை. முளைத்தவையும் வேர் பருக்க ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் வரை பிடிக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில், காரப்போலிகளின் அளவு வேரில் உச்சத்தில் இருக்கும்போது, பட்டை உரியாதவாறு வேரை அகழ்ந்து, கழுவி உலர்த்துகின்றனர்.