வானின் ஹீற்றர் ஒழுகினால்

யப்பானின் பனிக்காலத்துக்கென்று செய்த வான்கள் இன்று நமது செம்மணி வெயிலில் ஓடுகின்றன. 'டொல்பின்' என்று நாம் அழைக்கும் பழைய ரொயோற்றா ஹயேஸ் வான்கள் பலவற்றில் ஆட்களுக்குச் சூடு தரும் ஹீற்றர் ஒன்று முன்னால் உண்டு. சிலவற்றில் இன்னொன்று பின்னிருக்கைக்குக் கீழும் உண்டு. மார்கழிக் குளிருக்குக்கூட அரியாலையில் எவரும் அதைப் போடுவதில்லை. ஆனால் போடாத ஹீற்றரும் ஒழுகும். கடன்பட்டு வாங்கிய வானில் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல. தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்தால் ஒரு போக வெங்காயக் காசு கராஜுக்குப் போய்விடும்.

ஹீற்றர் என்பது ஒரு சின்ன றேடியேற்றர்தான். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரில் ஒரு பகுதி இறப்பர்க் குழாய் வழியே அதற்குள் சென்று மீண்டும் எஞ்சினுக்கே திரும்புகிறது. ஆகவே ஹீற்றரில் ஒழுகுவது எஞ்சினின் தண்ணீர். வெளியே சொட்டு விழாமலே தண்ணீர் குறைகிறதா? முன்னிருக்கையில் இருப்பவரின் காலடி விரிப்பு நனைந்திருக்கிறதா? முன்கண்ணாடியின் உட்புறத்தில் பசைபோன்ற புகார் படிகிறதா? அப்படியாயின் முன் ஹீற்றரைப் பாருங்கள். பின் ஹீற்றருக்குப் போகும் இரும்புக் குழாய்கள் வானின் தரைக்குக் கீழே ஓடுகின்றன. சேறும் கடனீரேரியின் உப்புக் காற்றும் பட்டு அவை துருப்பிடிக்கும். அங்கே ஒழுகினால் நிலத்தில் ஈரம் தெரியும்.

நமது நாட்டில் தேவைப்படாத பொருளுக்கு ஏன் செலவழிப்பான்? அதை நீரோட்டத்திலிருந்து விலக்கிவிடலாம். எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முன்னிருக்கையைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஹீற்றருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கண்டுபிடித்து, இரண்டையும் எஞ்சின் பக்கத்தில் கழற்றுங்கள். அந்த இரு வாய்களையும் அதே அளவான புதிய ஹீற்றர்க் குழாய் ஒன்றினால் இணைத்து, கிளிப் போட்டு இறுக்குங்கள். இரண்டு வாயையும் தனித்தனியே அடைத்துவிடாதீர்கள். சில எஞ்சின்களில் அந்தச் சுற்றோட்டமும் தேவை. பின் ஹீற்றர் மாத்திரம் பழுதென்றால் அதற்குப் பிரியும் இடத்தில் அதை விலக்கினாற் போதும். சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது சந்தைவரைகூடத் தாங்காது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. இந்த வேலைக்கு நம்மவர் அஞ்ச வேண்டியதில்லை.

றேடியேற்றருக்குள் மஞ்சள் தூள் போடும் வைத்தியம் பலருக்குத் தெரியும். தூள் ஊறிச் சிறு துவாரத்தை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அதே தூள் அடைக்கும். நடுவழியில் நின்றால் வீடுவந்து சேர மட்டும் அது உதவட்டும்.

இனித் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதை நமது பெண்கள் தினமும் காண்கிறார்கள். எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சுத்தமான கூரையிலிருந்து பிடித்து வைத்து, கூலன்ற் போத்தலில் சொல்லியுள்ள அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். வெறும் மழைநீர் மட்டுமென்றால் துரு பிடிக்கும்.

கழற்றும்போது வரும் பழைய நீரைத் தாச்சியில் பிடித்து மூடியுள்ள கானில் ஊற்றி வையுங்கள். கூலன்ற் இனிக்கும், ஆடும் நாயும் குடித்துச் சாகும், குழந்தையும் வாய் வைக்கும். நிலத்தில் ஊற்றினால் கல்வெடிப்பு வழியே கிணற்றைச் சேரும்.

புது நீர் நிரப்பியபின் மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேற்குழாயை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாட் காலை எஞ்சின் ஆறியிருக்கையில் மட்டத்தைப் பாருங்கள். மூன்று நாளின் பின்னும் குறைந்துகொண்டே போனால் பழுது ஹீற்றரில் மட்டுமல்ல. தண்ணீர்ப் பம்பையும் ஹெட் காஸ்கற்றையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அதுவரை வானை ஓட்டாதீர்கள்.