திரையில் கேம்பிரிட்ஜ்

நுழையும்முன்

உலகின் தொன்மையான பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகிய கேம்பிரிட்ஜ், திரைப்படங்கள் பலவற்றுக்குக் கதைக்களமாகியுள்ளது. அங்குப் பயின்ற மூவரின் வாழ்வைத் தழுவிய மூன்று படங்களை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது. உண்மை வாழ்வைத் திரை எவ்வாறு காட்டுகிறது, எதனை மாற்றுகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதை அறிவது திரைப்படத்தை நோக்கும் பார்வையைக் கூர்மையாக்கும்.

மதிலும் புல்வெளியும்

1209ஆம் ஆண்டு தோன்றிய கேம்பிரிட்ஜ், இன்று 31 கல்லூரிகளைக் கொண்டது. அவற்றுள் டிரினிட்டி கல்லூரி, எட்டாம் ஹென்றி மன்னரால் 1546இல் நிறுவப்பட்டது. அதன் பெருமுற்றத்துப் புல்வெளியில் நடக்கும் உரிமை, ‘ஃபெலோ’ எனப்படும் கல்லூரி உறுப்பினர்களாகிய அறிஞர்களுக்கே உரியது. மாணவர்கள் சுற்றியுள்ள கல்பாதையில்தான் செல்லவேண்டும். சிறியதாகத் தோன்றும் இவ்வழக்கம், உள்ளிருப்போர் யார், வெளியில் நிற்போர் யார் என்னும் பெரிய வினாவை எழுப்புகிறது. கேம்பிரிட்ஜ் பற்றிய சிறந்த படங்களின் கருவும் அவ்வினாவே.

ஓடி வென்றவர்

ஹியூ ஹட்சன் இயக்கிய ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1981இல் வெளிவந்தது. சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. இதன் நாயகர்கள் இருவருள் ஒருவர் ஹெரால்டு ஆபிரகாம்ஸ். இங்கிலாந்தில் குடியேறிய யூதர் ஒருவரின் மகனாகிய இவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். ஊதியம் பெறும் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டது கல்லூரி மரபுக்குப் பொருந்தாது எனக் கல்லூரித் தலைவர்கள் இருவர் அவரைக் கடிந்துகொள்ளும் காட்சி இப்படத்தின் உயிர்நாடியாகும். மென்மையான சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒதுக்கலை அக்காட்சி வெளிப்படுத்துகிறது.

தெரியுமா?

டிரினிட்டி கல்லூரிக் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இருமுறை ஒலிக்கும். நண்பகலில் 24 மணியொலிகள் முடிவதற்குள் பெருமுற்றத்தைச் சுற்றி ஓடிவருவது அங்குள்ள மாணவர்களின் பழைய போட்டி. படத்தில் ஆபிரகாம்ஸ் இதில் வெல்கிறார். உண்மையில் அவர் அவ்வாறு ஓடியதில்லை. 1927இல் அதனைச் செய்துகாட்டியவர் பர்லி பிரபு. அக்காட்சி படமாக்கப்பட்ட இடமும் டிரினிட்டி அன்று; ஈட்டன் பள்ளி.

கடல் கடந்த கணிதம்

மேட் பிரவுன் இயக்கிய ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015), இராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவியது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றியபோது, 1913 சனவரியில் டிரினிட்டி கல்லூரிக் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அடுத்த ஆண்டு கப்பலேறினார். இப்படத்தின் காட்சிகள் டிரினிட்டி கல்லூரியிலேயே எடுக்கப்பட்டன. புல்வெளியில் கால்வைத்த இராமானுஜன் கண்டிக்கப்படும் காட்சி, மேற்கூறிய வழக்கத்தைப் பொருளோடு பயன்படுத்துகிறது.

உள்ளுணர்வால் விடை காண்பவர் இராமானுஜன். ஒவ்வொரு படிக்கும் நிறுவல் கேட்பவர் ஹார்டி. இம்முரணே படத்தை நடத்திச் செல்கிறது. ஓர் எண்ணை மிகை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்பது அவர்கள் ஆராய்ந்த சிக்கல்களுள் ஒன்று. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். 200 என்னும் எண்ணுக்கோ அவ்வகைகள் 3,972,999,029,388 ஆகும். மேக்மஹோன் என்னும் அறிஞர் கையால் கணக்கிட்டுக் கண்ட இவ்விடையோடு இருவரும் கண்ட வாய்பாடு ஒத்துநின்றது. உள்ளுணர்வும் நிறுவலும் கைகோத்தபோது விளைந்த வெற்றி அது.

1917இல் டிரினிட்டி கல்லூரி இராமானுஜனை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1918இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியும் ஏற்றது. 1919இல் நோயுடன் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டு ஏப்பிரலில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். ஏற்பு வந்தபோது காலம் எஞ்சவில்லை.

உடலை வென்ற உள்ளம்

ஜேம்ஸ் மார்ஷ் இயக்கிய ‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ (2014), இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் கதை. நரம்புகளைச் சிதைக்கும் நோயால் ஈராண்டுகளே வாழ்வார் என 21ஆம் அகவையில் கணிக்கப்பட்ட அவர், 76 அகவை வரை வாழ்ந்தார். இங்குத் தடையாக நின்றது அவருடைய உடல். அவருடைய முதல் மனைவி ஜேனின் நினைவுக் குறிப்புகளைத் தழுவியதால், அறிஞரைத் தாங்கிய குடும்பத்தின் உழைப்பையும் இப்படம் காட்டுகிறது.

திரை காட்டாதவை

ஆய்வு என்பது பல்லாண்டு அமைதியான உழைப்பு. அதனை இரண்டு மணிநேரத்தில் காட்ட இயலாத திரைப்படம், ஓட்டப் போட்டியையும் வாக்கெடுப்பையும் நாடுகிறது, நிகழ்வுகளையும் மாற்றுகிறது. இராமானுஜனின் மனைவி ஜானகி மணமானபோது சிறுமி. படத்திலோ இளம்பெண்ணாக வருகிறார். கலைக்காகச் செய்யப்படும் மாற்றம் ஒரு காலத்தின் சமூக உண்மையை மறைத்துவிடவும் கூடும்.

இம்மூன்று படங்களிலும் கேம்பிரிட்ஜில் கற்போராக முதன்மை பெறுவோர் ஆண்களே. 1890இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணைவிட மிகுதியான மதிப்பெண் பெற்றவர் பிலிப்பா ஃபாசெட் என்னும் பெண். எனினும், பெண் என்பதால் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. ஆண்களுக்கு நிகராகப் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது 1948 முதல்தான். தடைகளைக் கடந்து உள்ளே சென்றவர்களின் கதையைத் திரை போற்றுகிறது. வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் கதையைத் தேடி அறிவது கற்பவர் கடமை. ஒரு கல்வி நிறுவனத்தின் பெருமை அதன் மதிலின் உயரத்தில் இல்லை; எத்தனை பேருக்கு அது தன் கதவைத் திறக்கிறது என்பதில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம் ஒன்றைக் கண்டு, அதில் வரலாற்றோடு பொருந்துவனவற்றையும் மாற்றப்பட்டனவற்றையும் அட்டவணைப்படுத்துக.
2. ‘உள்ளுணர்வும் நிறுவலும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன’ என்னும் கருத்தை இராமானுஜன், ஹார்டி நட்பின்வழி விளக்குக.
3. உங்கள் பகுதியில் முதன்முதலில் கல்லூரிக் கல்வி பெற்ற பெண் ஒருவரைச் சந்தித்து, அவர் கடந்த தடைகளை நேர்காணலாக எழுதுக.