ரிலே இழுத்ததும் போர்டு ரீசெட் ஆவது ஏன்?

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். அர்டுயினோவில் எல்.இ.டி. ஒழுங்காகச் சிமிட்டுகிறது. வயல் மோட்டாருக்காக ரிலேயை இணைத்தால் போர்டு தானாக ரீசெட் ஆகிறது. புரோகிராமில் எங்கே தவறு?
– ஒரு வாசகர், திருவாலங்காடு

பதில்: தவறு பெரும்பாலும் புரோகிராமில் இருக்காது தம்பி, மின்னோட்டத்தில் இருக்கும். அர்டுயினோ ஊனோவின் ஏ.டி.மெகா 328பி சிப்பில் ஒரு பின் தாங்கும் உச்சமே 40 மில்லி ஆம்பியர். 20-க்குள் வைப்பது நல்லது. சாதாரண 5 வோல்ட் ரிலேச் சுருளோ 70 வரை இழுக்கும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் போடுங்கள். சுருளை அணைக்கும் கணத்தில் எதிர்த்திசையில் எழும் மின்னழுத்தத்தை அடக்க, சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு வேண்டும். பிறகு, ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் லைனை அளந்து பாருங்கள். சரிந்தால் ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள். மல்டிமீட்டர் காட்டாத கணநேரச் சரிவும் உண்டு. கல்லூரி ஆசிலாஸ்கோப்பில் அது சிக்கும்.

சோதிக்கத் தெரிவது பாதிப் படிப்பு என்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; அளந்ததை நோட்டில் எழுதுங்கள். மேலே படிக்க ஊக்கம் வேண்டுமா? உங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் எட்டிவிடும் சென்னையில்தான், ஐ.ஐ.டி.யில், ‘சக்தி’ நுண்செயலி உருவானது. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் என்.பி.டெல் இணையப் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

மூன்று பேஸ் மோட்டார் என்றால் சின்ன ரிலே தாங்காது, கான்டாக்டர் வேண்டும். அந்த இணைப்பை மட்டும் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.