கேமராவுடன் டேப்பையும் எடுங்கள்!

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயத்தில் தீப்பிடித்தது. பழமையான மரக்கூரை சாம்பலானது. ஆனால் கட்டடத்தின் அளவுகள் பத்திரமாக இருந்தன. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-லேயே லேசர் ஸ்கேனரை 50-க்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளாக அதைப் பதிவு செய்திருந்தார். 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. சீரமைப்புப் பணிக்கு அந்தப் பதிவும் உதவியது.

லேசர் ஸ்கேனர் நாம் வாங்கும் விலையில் இல்லை. ஆனால் டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் இருந்தால் நம் வீட்டையும் முப்பரிமாண மாடலாக மாற்றலாம். இதற்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். பல இடங்களில் நின்று எடுத்த போட்டோக்களை ஒப்பிட்டு, சுவரின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்பதை சாப்ட்வேர் கணக்கிடுகிறது. ஊரில் தாத்தாவின் வீட்டை இடிக்க முடிவானபோது, அதன் திண்ணையை இப்படித்தான் பதிவு செய்தேன். செய்முறையைப் பார்ப்போம்.

போட்டோ எடுத்தல்: வெயில் இல்லாத மேகமூட்டமான நேரம் சிறந்தது. ஃபிளாஷ், ஜூம் வேண்டாம். நின்ற இடத்திலேயே திரும்பாமல், ஓரடி ஈரடியாக நகர்ந்து எடுங்கள். ஒரு படத்தில் உள்ளதில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரில் சாப்ட்வேருக்கு அடையாளம் கிடைக்காது. நான் அங்கங்கே செய்தித்தாள் துண்டுகளை ஒட்டினேன். மொத்தம் 140 படங்கள்.

மாடல் உருவாக்குதல்: மெஷ்ரூம் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். முழு மாடல் கிடைக்க என்விடியா கிராபிக்ஸ் கார்டு தேவை. படங்களை இழுத்து அதன் விண்டோவில் விட்டு, ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்யுங்கள். என் கம்ப்யூட்டர் இரவு முழுவதும் வேலை செய்தது. காலையில் திண்ணை திரையில் சுழன்றது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்து, வீடு இடிந்த பிறகு, புது வீட்டுக்கும் அதே மாதிரி தூண் செய்ய நினைத்தோம். ஆசாரி கேட்டார்: "தூண் எத்தனை அடி தம்பி?" என்னிடம் பதில் இல்லை. லேசர் ஸ்கேனர் தூரத்தையே அளக்கிறது. எனவே அளவு அதிலேயே வந்துவிடும். போட்டோவில் வடிவம் மட்டும்தான் வரும். பொம்மை வீடும் பெரிய வீடும் அதற்கு ஒன்றுதான்.

நல்லவேளை, பழைய வாசல் நிலையை சித்தப்பா தன் வீட்டில் சாத்தி வைத்திருந்தார். அளந்தேன்: உயரம் 168 செ.மீ.

அளவைச் சரிசெய்தல்: மாடலை பிளெண்டர் என்ற இலவச சாப்ட்வேரில் திறந்து, மெஷர் டூலால் நிலையை அளந்தேன். 0.42 மீட்டர் என்று காட்டியது. 1.68-ஐ 0.42-ஆல் வகுத்தால் 4. மாடலைத் தேர்வு செய்து, எஸ் கீயைத் தட்டி, 4 என டைப் செய்து என்டர் கொடுத்தேன். பிறகு தூணை அளந்தேன்: 1.80 மீட்டர். ஆறடிக்குச் சற்றுக் குறைவு!

அந்த நிலையும் விறகாகப் போயிருந்தால்? எனவே படம் எடுக்கும் நாளிலேயே டேப்பால் இரண்டு மூன்று நீளங்களை அளந்து எழுதி வையுங்கள். ஒன்று மாடலைச் சரிசெய்ய. மற்றவை அது சரிதானா என்று பார்க்க.