ஆடிக்கு முன்னால் ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை

திருப்பூரில் ஷீட் வேலைக்குப் புதிதாக ஏணி ஏறும் தம்பிகளுக்கு, ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவன் சொல்கிறேன்.

1. முதலில் திசையைப் படியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் நமக்கு மேற்கே வாய் திறந்து கிடக்கிறது. ஆனியில் கிளம்பும் காற்று ஆவணி வரை விடாது. உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நடவில்லை. ஆனால் அந்தக் காற்று கொண்டுவரும் மழையை மலை வாங்கிக்கொள்கிறது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கில் இருந்து. ஆடியில் தளர்ந்த போல்ட் ஐப்பசியில்தான் ஒழுகும். வீட்டுக்காரர் மழையைத் திட்டுவார்.

2. ஆகவே வைகாசியில் ஏறி இறுக்குங்கள், புரட்டாசியில் ஏறி அடையுங்கள். இதில் ஒன்றை விட்டால் மற்றதும் வீண்.

3. கூரை வடக்கு தெற்காகச் சரிந்தால், கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே ஷீட் போட்டு வாருங்கள். மேற்கு ஷீட்டின் ஓரம் கிழக்கு ஷீட்டின் மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து நெம்பிவிடும். ஓர் அலை ஏற்றினால் போதும் என்பார்கள். ஐப்பசிச் சாரல் எதிர்ப்பக்கம் அடிப்பதால் நான் ஒன்றரைக்குக் குறைத்ததில்லை.

4. போல்ட்டை அலையின் மேட்டில் போடுங்கள். பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. ஓரம், மூலை, முகடு மூன்றிலும் காற்றின் இழுப்பு அதிகம், அங்கே நெருக்கிப் போடுங்கள். வெயிலில் வெடித்த வாஷரை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். கல்லையும் டயரையும் ஷீட்டின் மேல் ஏற்றி வைப்பது வேலை தெரியாதவர் செய்வது.

5. சிமெண்ட் ஷீட்டின் நடுவில் கால் வைக்காதீர்கள். ஒரு நிட்டிங் கொட்டகையில் நான் வைத்தேன். இடுப்பு வரை உள்ளே போய்த் தொங்கினேன். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போல்ட் வரிசைக்குக் கீழேதான் இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல் பலகை போட்டு நடங்கள். பழைய சிமெண்ட் ஷீட்டில் கல்நார் உண்டு. நனைத்துவிட்டுத் துளையிடுங்கள், மூக்கை மூடுங்கள். அந்தத் தூள் நுரையீரலை விட்டுப் போகாது.

6. ஓட்டையில் பனியன் வேஸ்ட்டைத் திணிப்பது நம் ஊர் வியாதி. கைக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று! பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு போல்ட்டைத் துருவாக்கும்.

7. கான்கிரீட் மாடியில் வாட்டத்தையும் குழாய் வாயையும் பாருங்கள். மில் பக்கத்து வீடுகளில் பஞ்சுத் தூசு மெத்தையாக அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். நுனியைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும்.

8. சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு. தண்ணீர் சட்டத்தோடு சரிவில் ஓடி வந்து எங்கோ விழும், மேட்டுப்பக்கம் தேடுங்கள். லைன் வீட்டில் குடியிருக்கும் அக்காவுக்கு அந்தக் கூரை உங்களைவிட நன்றாகத் தெரியும். போன மழைக்குப் பாத்திரம் எங்கே வைத்தீர்கள் என்று அவரைக் கேட்டுவிட்டு அப்புறம் ஏணியை எடுங்கள்.